நூற்று இருபத்தொன்றாம் கட்டில்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஷீபா போன் செய்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிறகு நர்சிங் சூப்பிரண்டாக வந்தவள். பத்து வருடம் என்னிடம் திட்டு வாங்கியவள் என்பதால், என் நம்பரை அழுத்தும்போது அவளுக்கு இன்னும் கொஞ்சம் பயம் உண்டு.

"மேடம், ஆஸ்பத்திரி முழுக்க கம்ப்யூட்டர் போடுறாங்கல்லா, அதுல ஒரு சிக்கல். நமக்க கட்டில் மொத்தம் நூத்தி இருபது. ஆனா பலகையில நூத்தி முப்பத்திரண்டு வர நம்பர் கெடக்கு. பாக்கிப் பன்னிரண்டும் எந்த ரூம்ல இருக்குன்னு கேக்குறாங்க. ரூம் இல்லாத கட்டில கம்ப்யூட்டர் ஏத்துக்கிடாதாம். அழிச்சிரட்டுமான்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"மேடத்த கேட்டுட்டுச் சொல்லுதேன்னு சொன்னேன்."

"நாளைக்கு வாறேன். அது வரைக்கும் ஒருத்தனையும் அந்தப் பலகைப் பக்கம் விடாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கோபம் ஆறவில்லை. ஷீபா பாவம், அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த நம்பர்கள் ஏற்கெனவே இருந்தன. எப்படி வந்தன என்பதை நானும் யாரையும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செய்த தப்பையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

என் ஊர் பூதப்பாண்டிப் பக்கம். நர்சிங் படிப்பு, பயிற்சி, பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று முதல் இருபது வருடத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். எல்லா நர்சும் நடந்த வழிதான். 2004-இல் என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். ஐசியு என்றால்தான் இங்கே எல்லாருக்கும் தெரியும், நானும் அப்படியே சொல்லுகிறேன். ஐசியுவோடு சேர்த்து ஆஸ்பத்திரியின் கட்டில் பலகையும் என் பொறுப்புக்கு வந்தது.

பலகை என்பது ஒரு ஆள் உயரத்துக்குத் தேக்குப் பலகை. அதில் நூற்று இருபது ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு அட்டை, அட்டையில் நோயாளியின் பெயர், ஊர், பார்க்கிற டாக்டர். ஆள் வீட்டுக்குப் போனால் அட்டையைத் திருப்பிப் போடுவோம். வெள்ளை தெரிந்தால் கட்டில் காலி. காலை ஏழரைக்கெல்லாம் நான் வார்டு வார்டாக நடந்து, அட்டைகளைச் சரிசெய்து முடித்திருக்க வேண்டும். ஏனென்றால் எட்டு மணிக்கு டாக்டர் ஐசக் வந்து பலகைக்கு முன்னால் நிற்பார்.

டாக்டர் ஐசக் எங்கள் மெடிக்கல் சூப்பிரண்டு. ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பலகையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பார். சத்தம் போட்டு ஒருநாளும் பேசியதில்லை. கோபம் வந்தால் எங்களை "அம்மா" என்று கூப்பிடுவார். அந்த "அம்மா"வைக் கேட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவர் கண்ணில் படாமல் நடப்போம். மற்ற ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டர் வந்ததும் "எத்தனை காலி?" என்று கேட்பார்களாம். இவர் அதைக் கேட்கவே மாட்டார். ஏதாவது ஒரு அட்டையில் விரலை வைத்து, "இவர் எதுக்குக் கெடக்காரு?" என்பார். என்ன நோய் என்று சொன்னால், "அது எனக்குத் தெரியும். இன்னைக்கு எதுக்குக் கெடக்காரு?" என்று மறுபடியும் கேட்பார். பதில் தெரியாவிட்டால் நாம் வார்டுக்குத் திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். அதுதான் தண்டனை.

இந்தக் கேள்விக்குத் தயாராகித் தயாராகியே எனக்குக் கட்டில்களின் போக்கு பிடிபட்டது. மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை தொடங்குவதற்கு முந்தின நாள் ஒரு கூட்டம் டிஸ்சார்ஜ் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கடற்கரை ஊர்களில் இருந்து ஒரு கூட்டம் அட்மிஷன் கேட்கும். செவ்வாய்க்கிழமை எவ்வளவு கெஞ்சினாலும் வீட்டுக்குப் போக மாட்டோம் என்கிறவர்கள் உண்டு. இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாளைக்கு எத்தனை அட்டை திரும்பும் என்று முந்தின நாளே சொல்லிவிடுவேன், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எனக்குப் பிடிபடாதது ஐசியுவின் எட்டுக் கட்டில்கள் மட்டும்தான். அதில் எப்போதும் இரண்டு மூன்று பேர் காத்துக் கிடந்தார்கள். இனி மருந்து இல்லை என்று டாக்டரும் சொல்லியாயிற்று, வீட்டாரும் கேட்டு அழுதாயிற்று. ஆனாலும் கீழே வார்டுக்குக்கூட இறக்க விடமாட்டார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கட்டில் போதவில்லை, பத்துக் கட்டிலோடு புது ஐசியு கட்ட வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு நடந்தது. பிளான்கூட வரைந்து வந்துவிட்டது. எனக்கும் அப்போது அது சரி என்றுதான் பட்டது.

2006-இல் மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை. குலசேகரம் பக்கத்தில் விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போன கலா என்ற பெண்ணை நல்ல பாம்பு கடித்துவிட்டது. ஏழு மணிக்குக் கொண்டு வந்தபோது கண் இமை தொங்கிவிட்டது, மூச்சு இழுக்கத் திணறினாள். விஷ முறிவு மருந்து ஏற்றி, மூச்சுக்குக் குழாயும் போட்டோம். இனி வெண்டிலேட்டரில் போட்டு இரண்டு நாள் பார்த்தால் பிழைத்துவிடுவாள். வெண்டிலேட்டர் ஒன்று சும்மாதான் நின்றது. அதன் பக்கத்தில் கட்டில் இல்லை. எட்டும் நிறைந்திருந்தது.

நான்காம் கட்டிலில் கிடந்தவர் சூசை மிக்கேல். இனயத்துக்காரர், கடல் தொழில். நுரையீரலில் புற்றுநோய் முற்றிவிட்டது. அவருக்கு மூக்கில் ஆக்சிஜன் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. அதை வார்டிலேயே கொடுக்கலாம். நான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் மனைவி திரேசம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எறக்காதீங்க சிஸ்டரே. அவர ஐசியுல இருந்து எறக்கப்பிடாது."

"ஒரு சின்னப் பெண்ணு சாவக் கெடக்கா. இவருக்கு கீழ வார்டுலயும் இதே ஆக்சிஜன்தான்."

"உங்க கால புடிக்கேன். எறக்காதீங்க."

சொன்னது மட்டுமில்லை, காலையும் பிடித்துவிட்டார். கடற்கரையில் இருந்து வந்த உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். டியூட்டி டாக்டர் இளவயது, பயந்துவிட்டார். கலாவைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தார்.

ஆம்புலன்சில் நானே ஏறினேன். குழாயோடு பொருத்திய ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும். ஐந்து வினாடிக்கு ஒரு அழுத்து. களியக்காவிளை தாண்டுவதற்குள் வலது கை மரத்துவிட்டது. இடது கைக்கு மாற்றினேன். பாலராமபுரத்தில் நெரிசல். கலாவின் கண் திறக்கவில்லை, ஆனால் அவளுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது என்று பிறகு அவளே சொன்னாள். நான் வழி முழுக்கத் திரேசம்மாளைத் திட்டிக்கொண்டு வந்தேனாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே வெண்டிலேட்டரில் போட்டார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று சொன்ன பிறகுதான் நான் ஒரு டீ குடித்தேன். டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தேன். திரேசம்மாளை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று நேராக ஐசியு வாசலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து ஓடி வந்தார்.

"அந்தப் பெண்ணு பொழச்சாளா சிஸ்டரே?"

காலையில் இருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் வைத்திருந்த நாலு கேள்வியும் போய்விட்டது. "பொழச்சுக்கிடுவா. இரிங்க" என்றேன். பிறகு, டாக்டர் ஐசக்கின் கேள்வியை முதல் தடவையாக ஒரு நோயாளியின் மனைவியிடம் கேட்டேன். "இவரு இன்னைக்கு எதுக்கு இங்ஙன கெடக்காரு?"

திரேசம்மாள் இடுப்பில் இருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாய் மடித்து, வியர்வையில் ஊறிய தாள். மகன் ஜெரால்டு சவூதியில் ஒரு கம்பெனியில் வெல்டர். அப்பாவைப் பார்க்க அவசர லீவு கேட்டிருக்கிறான். அப்பா ஐசியுவில் இருக்கிறார் என்று ஆஸ்பத்திரி லெட்டர் வந்தால்தான் லீவு, லீவு கொடுக்கும் வரைக்கும் ஐசியுவில்தான் இருக்க வேண்டும், போன் செய்து விசாரிப்போம் என்று கம்பெனி ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறது.

"வார்டுல எறக்கினா கம்பெனிக்காரன் அவன விடமாட்டான். வீட்டுக்குக் கொண்டு போனா ஒட்டுமே லீவு கிட்டாது. அவருக்கு வீட்டுக்குப் போவணும்னுதான் ஆச. அங்ஙன சாமியார வரவச்சு, சாவும் முன்ன அவஸ்தைப்பூசுதல் வாங்கணும், எனக்க மொவன ஒருக்கா பாக்கணும். ரெண்டும் ஒண்ணா நடக்காதாம். நான் எதயாக்கும் விட?"

நான் உள்ளே போய்ச் சூசை மிக்கேலிடமே கேட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. "மொவன் வரணும். ஆனா இந்தக் கூலிங்குல சாவ எனக்குப் பிடிக்கல்ல, சிஸ்டரே" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மற்ற இரண்டு காத்திருப்புக் கட்டில்களிலும் விசாரித்தேன். ஒன்று துபாய், ஒன்று மஸ்கட். இரண்டு வருடமாக ஊர்ப்பயம் என்று நாங்கள் நினைத்தது ஒரு லெட்டர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை இருக்கும்? இதைக் கேட்காமல் கட்டில் போதவில்லை என்று கட்டடம் கட்டப் பார்த்தோமே!

எட்டு மணிக்கு டாக்டர் ஐசக் பலகைக்கு முன்னால் நின்றார். நான்காம் கட்டிலில் விரல் வைத்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன்.

"லெட்டருக்குக் கெடக்காரு, சார்."

கண்ணாடி நெற்றியில் இருந்து மூக்குக்கு இறங்கியது. முழுவதையும் சொன்னேன். அவர் இரண்டு தடவை தலையை ஆட்டினார். நான் கொஞ்சம் துணிந்து, "வீட்டுக்கு அனுப்பிட்டு, லெட்டர்ல மட்டும் ஐசியுன்னு எழுதிருவோமா சார்?" என்றேன்.

"பொய் எழுதப்பிடாது, அம்மா."

அந்த "அம்மா"வோடு பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணால் பார்க்காத நோயாளிக்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார், இல்லாததை எழுதவும் மாட்டார். எனக்கு அப்போது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் எனக்கு இப்படி ஒரு யோசனை தோன்றியது.

"அவரு நம்ம நோயாளிதான சார்? நாம மருந்து குடுக்கோம், நம்ம நர்சு போய்ப் பாக்கா, நீங்க போய்ப் பாக்கிய. கட்டில் மட்டும்தான் இனயத்துல கெடக்கு. கட்டில் அங்க கெடந்தா என்ன, நம்பர் நம்மளதா இருக்கட்டு. நூத்தி இருபத்தொண்ணுன்னு போடுவோம்."

அவர் சிரித்து நான் பார்த்ததே குறைவு. அன்றைக்குச் சிரித்தார். "தச்சன கூப்பிடு. பலகைய நீட்டணும்" என்றார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரி ஜீப்பில் சூசை மிக்கேலை இனயத்துக்குக் கொண்டு போனோம். சிலிண்டர் ஒன்று, டேபிள் ஃபேன் ஒன்று, அபினில் இருந்து எடுக்கிற மார்ஃபின் மாத்திரை. மாத்திரைக்கான லைசென்சை டாக்டர் முன்பே வாங்கி வைத்திருந்தார், எங்களுக்குத்தான் அதை உபயோகிக்கத் தைரியம் வந்ததில்லை. மூச்சுத் திணறலுக்குச் சின்ன அளவில் மார்ஃபின் கொடுத்து, முகத்துக்கு நேரே ஃபேனை வைத்துவிட்டால் போதும், அந்தப் பதற்றம் அடங்கிவிடும். தலைப் பக்கத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், வாயை எப்படி ஈரத்துணியால் துடைக்க வேண்டும், எந்த நேரத்தில் எந்த மாத்திரை என்று திரேசம்மாளுக்கு மூன்று தடவை செய்து காட்டினேன். நாலாவது தடவை அவரைச் செய்யச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் புது நர்சுகளைவிட நன்றாகச் செய்தார்.

புறப்படும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கு எனக்குப் பயமாச்சுன்னா, திரும்பக் கொண்டு வந்தா கட்டில் தருவியளா?"

நியாயமான கேள்வி. டாக்டரிடம் சொன்னேன். பொது வார்டில் பதினேழாம் கட்டிலை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது, வீட்டில் இருக்கிறவர்கள் எந்நேரம் வந்தாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் அதில் படுக்க வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கட்டில் இல்லை என்று அலைகிற இடத்தில் ஒரு கட்டிலைச் சும்மா போட்டு வைப்பதா என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தப் பதினேழு சும்மா கிடந்ததால்தான் மற்றவர்கள் வீட்டுக்குப் போகச் சம்மதித்தார்கள். திரும்பி வரலாம் என்று தெரிந்தவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வியாழக்கிழமை டாக்டர் ஐசக் இனயத்துக்குப் போய் நோயாளியைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து லெட்டர் எழுதினார். இவர் எங்கள் நோயாளி, நூற்று இருபத்தொன்றாம் கட்டில், ஐசியுவில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை, இருக்கப்போவது சில நாள்தான், மகன் உடனே வர வேண்டும். நானே ஃபேக்ஸ் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சனிக்கிழமை விசாரிப்பார்கள், ஞாயிறு கிளம்பிவிடுவான் என்று ஒரு மனக்கணக்குப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலில் திரேசம்மாள் நின்றார். அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மொவன் நேத்து சாயங்காலம் போன் போட்டான். கம்பெனிக்காரன் சனியாழ்ச்ச இஞ்ச விளிச்சிருக்கான். அப்பிடி ஒரு ஆளே ஆஸ்பத்திரியில இல்லன்னு சொல்லியாச்சாம். கள்ள லெட்டர்னு சொல்லி லீவ வெட்டிட்டாங்க."

நான் ரிசப்ஷனுக்கு ஓடினேன். அங்கே போன் எடுக்கிறவள் விமலா. அவள் தன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். சூசை மிக்கேல், நான்காம் கட்டில், புதன்கிழமை டிஸ்சார்ஜ். அவள் பதிவேட்டில் நூற்று இருபதோடு கட்டில்கள் முடிந்துவிட்டன. அவள் மேல் என்ன தப்பு? தச்சனைக் கூப்பிட்டுப் பலகையை நீட்டினேன், புது ஆணி அடித்தேன், அட்டை எழுதி மாட்டி நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன். போன் எடுக்கிறவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். முழுக்க முழுக்க என் தப்பு.

டாக்டர் ஐசக்கிடம் போய்ச் சொன்னேன். "அம்மா" வரும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வரவில்லை. "நம்பர எடு" என்றார். சவூதிக்கு அவரே போன் போட்டார். நாற்பது நிமிடம் ஒரு ஆளிடம் இருந்து இன்னொரு ஆளுக்கு மாற்றி மாற்றிவிட்டார்கள். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் நோயாளி. கட்டில் நம்பர் நூற்று இருபத்தொன்று. அந்தக் கட்டில் அவர் வீட்டில் இருக்கிறது. நான் அவரைப் பார்த்தேன், இன்றைக்கும் போய்ப் பார்ப்பேன். நீங்கள் மறுபடியும் இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள், நானே எடுக்கிறேன். அவர்கள் செய்தார்கள். அவரே எடுத்தார்.

ஜெரால்டு புதன்கிழமை மதியம் வந்தான். ஏர்போர்ட்டில் இருந்து பெட்டியோடு நேராக வீட்டுக்குள் வந்து அப்பாவின் கையைப் பிடித்தான். சூசை மிக்கேல் கண்ணைத் திறந்து பார்த்தார். மகனை அடையாளம் தெரிந்தது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிடித்த கையை விடவில்லை. ஆனால் பேச்சு போய்விட்டிருந்தது. பங்குச் சாமியார் முந்தின நாளே வந்து எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை காலை, ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, மனைவியும் மகனும் பக்கத்தில் இருக்க, அமைதியாக அடங்கினார்.

புதன்கிழமையே ஜெரால்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். "சிஸ்டர், அப்பா எப்பம் வர பேசிட்டிருந்தாரு?"

மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. "திங்கக்கிழம வர பேசினாரு, மக்கா. சனிக்கிழம நாங்க போன்ல ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா நீ திங்கக்கிழம வந்திருப்ப. அந்த ரெண்டு நாள் என்னால போச்சு."

அவன் மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். "இனி யாருக்கும் இது வரப்பிடாது, சிஸ்டர்" என்று மட்டும் சொன்னான்.

வரவில்லை. அதுதான் என் பெருமை. மறுநாளே ஒரு விதி எழுதினேன். நூற்று இருபத்தொன்று முதல் வரும் எந்த நம்பரும் மற்ற நூற்று இருபதும் எழுதப்படும் எல்லா இடத்திலும் எழுதப்பட வேண்டும், ஒன்றில்கூட விடக் கூடாது. முதலில் ரிசப்ஷன், பிறகுதான் பலகை. விதியைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்தோம். சமையலறைப் பட்டியலிலும் நம்பர் ஏறிவிட்டது. சமையல்காரர் ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சியை வைத்துக்கொண்டு நூற்று இருபத்திரண்டாம் கட்டிலைத் தேடி மூன்று மாடியும் ஏறி இறங்கினார். மண்டைக்காட்டில் இருக்கிறது என்று சொன்னபோது, "அப்போ பஸ்ஸுக்கு ஆறிப்போவுமே" என்றார். அவரை இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள்.

ஒரு வருடம் நோட்டில் எழுதினேன். ஐசியுவில் யார் யார், எத்தனை நாள், எதற்காக. பிழைக்கவா, தேறவா, காத்திருக்கவா என்று மூன்றே பத்தி. காத்திருக்கிற பத்தி மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டு வந்தது. டாக்டர் ஐசக் அந்த நோட்டோடு என்னையும் நிர்வாகக் குழுவுக்கு அழைத்துப் போனார். நான் அதுவரை அந்த அறைக்குள் காபி கொண்டு போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு உறுப்பினர் கேட்டார், "நோயாளியெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டா ஆஸ்பத்திரின்னு ஒண்ணு எதுக்கு?"

"குலசேகரத்துக் கலாவுக்கு சார்" என்றேன். "அன்னைக்கு நம்மகிட்ட வெண்டிலேட்டர் இருந்துது, டாக்டர் இருந்தாரு, மருந்து இருந்துது. கட்டில்தான் இல்ல. அந்தக் கட்டில்ல கெடந்தவரும் அங்ஙன கெடக்க ஆசப்படல்ல. ரெண்டு பேருமே இருக்கப்பிடாத எடத்துல இருந்தாங்க."

நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. பத்துக் கட்டில் புதுக் கட்டடம் கைவிடப்பட்டது. பொது வார்டில் குறைந்திருந்த கூட்டத்தைக் காட்டி அங்கிருந்து நான்கு கட்டிலை எடுத்து ஐசியுவோடு சேர்த்தோம். மொத்தம் அதே நூற்று இருபது. வீடுகளுக்கென்று தனி ஜீப் ஒன்று, நர்சு இரண்டு பேர். பிறகு பலகையின் நீட்டிய பகுதியில் ஆணிகள் கூடிக்கூடிப் பன்னிரண்டாயின. கட்டில் இல்லை என்று ஐசியு வாசலில் இருந்து ஒருவரைத் திருப்பி அனுப்பியது பிறகு என் காலத்தில் மிகவும் அரிது. கலா ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் என்னைப் பார்க்க வருவாள். "ஏட்டி, கை வலிக்குடி" என்று நான் கையை நீட்டுவேன், அவள் பிடித்துவிடுவாள்.

டாக்டர் ஐசக் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். கடைசி நாள் பலகைக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றி, நூற்று இருபத்தொன்றில் விரலை வைத்தார். "இவங்க எதுக்குக் கெடக்காங்க?" என்றார். "வீட்டுல இருக்கணும்னு கெடக்காங்க, சார்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவரிடம் இருந்து வராது, எனக்கு வேண்டவும் வேண்டாம்.

ஷீபாவிடம் சொன்னபடி புதன்கிழமை போனேன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த பெண் சென்னைக்காரி, கெட்டிக்காரி. நான் சொன்ன கதை முழுவதையும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, "மேடம், எனக்குப் புரியுது. ஆனா வார்டு, ரூம், கட்டில் மூணும் இல்லாம இது சேவ் ஆகாது. வார்டுன்னு என்ன போடட்டும்?" என்றாள்.

"வீடுன்னு போடு."

"ரூம்?"

"ஊர் பேரைப் போடு."

நூற்று இருபத்தொன்றில் இப்போது இருந்தவரும் இனயத்துக்காரர்தான். அடித்துப் பார்த்தாள். வார்டு: வீடு. ரூம்: இனயம். கட்டில்: 121. ஏற்றுக்கொண்டது. இவ்வளவுதானா என்று அவளே சிரித்துவிட்டாள். பன்னிரண்டையும் ஏற்றி முடிக்கும் வரைக்கும் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பலகையில் ஏறிய அன்றைக்கும் நான் இப்படித்தான் சந்தோஷப்பட்டேன். ஷீபாவிடம் வீட்டில் இருக்கிற ஒரு நோயாளியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெளியே பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று, என் செல்போனில் இருந்து ஆஸ்பத்திரி நம்பருக்கு அடித்தேன். எடுத்தது யாரோ ஒரு புதுப் பெண். என் குரல் அவளுக்குத் தெரியாது.

"எனக்க சொந்தக்காரர் ஒருத்தர், நடராஜன்னு பேரு. அவரு உங்க ஆஸ்பத்திரியிலயா இருக்காரு?"

விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இருக்காரு, அம்மா. நூத்தி இருபத்தாறாம் கட்டில். வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுறோம். காலையில நர்சு போய்ப் பாத்துட்டு வந்தாங்க" என்றாள். பிறகு அவளாகவே கேட்டாள், "மக்க யாராவது வெளிநாட்டுல இருந்து வரணுமா? லெட்டர் வேணுமா?"